குழந்தையின் அறைக்கு ஜன்னல் திண்ணை: அடியில் பொருள் வைக்கும் இடத்தோடு செய்யும் முறை

ஜன்னலை ஒட்டி ஒரு திண்ணை, அதன் அடியில் பொம்மைகளும் கதைப் புத்தகங்களும் அடங்கும் இடம். குழந்தையின் படுக்கையறையில் இதைப்போல் இடத்தைப் பயனுள்ளதாக்கும் மரச்சாமான் வேறொன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர் வெறுமையாகவே கிடக்கும். பீரோவையோ மேசையையோ அங்கே வைத்தால் வெளிச்சமும் காற்றும் தடைபடும். தாழ்வான திண்ணை மட்டுமே அந்த இடத்துக்குப் பொருந்தும். மரவேலையில் முன் அனுபவம் இல்லாதவரும், டிரில் மெஷினைப் பிடிக்கத் தெரிந்திருந்தால், விடுமுறை நாள்களில் நிதானமாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது. 1,500 மி.மீ. (ஏறத்தாழ 5 அடி) நீளமுள்ள ஒரு திண்ணையை எடுத்துக்காட்டாக வைத்து, முதலில் யோசிக்க வேண்டியவற்றிலிருந்து மெத்தை போடுவது வரை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஜன்னலின் அகலம் வேறாக இருந்தால் நீளத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், செய்முறை அதேதான்.

முதலில் ஜன்னல், பிறகுதான் பலகை

திண்ணை போட்டவுடன் ஜன்னல் குழந்தைக்குத் தாழ்ந்துவிடுகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் ஜன்னலின் அடிமட்டம் பொதுவாகத் தரையிலிருந்து 900 மி.மீ. (3 அடி) உயரத்தில் இருக்கும். 380 மி.மீ. உயரத் திண்ணையின் மேல் ஒரு குழந்தை ஏறி நின்றால் அந்த 900 மி.மீ., 520 மி.மீ. ஆகக் குறைந்துவிடும், ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இடுப்பளவுகூட வராமல் போகலாம். எனவே கம்பி இல்லாத ஜன்னலுக்குக் கீழே, அது தரைத்தளமாகவே இருந்தாலும், திண்ணை போடக்கூடாது.

கம்பி இருந்தாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி எங்கும் 100 மி.மீட்டருக்கு (4 அங்குலம்) மேல் இருக்கக்கூடாது. சின்னக் குழந்தையின் உடல் நுழைந்துவிடாமலிருக்க இது வேண்டும். அடுத்தது, கம்பிகள் செங்குத்தாக இருப்பது நல்லது. படுக்கைவாக்கில் உள்ள கம்பிகள் குழந்தைக்கு ஏணிப்படியாகிவிடும். உங்கள் வீட்டில் படுக்கைவாக்குக் கம்பிகள்தான் இருக்கின்றன என்றால், கம்பி வேலை செய்பவரை அழைத்து உள்பக்கமாகச் செங்குத்துக் கம்பிகள் சேர்க்கச் சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது பரவலாக உள்ள யு.பி.வி.சி. நகரும் ஜன்னல்களில் பலர் கொசுவலையை நம்பிவிடுகிறார்கள். கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும். அதில் சாயும் குழந்தையின் எடையை அது தாங்காது. கம்பி போட இயலாத கட்டடமாக இருந்தால், ஜன்னல் 100 மி.மீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுக்கும் பூட்டுத் தாங்கியைப் பொருத்தி, அதைத் திறக்கும் சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் வெளியேறுவதற்காகத் திறக்கும் கதவு அந்தக் கம்பியில் இருந்தால், திண்ணையும் மெத்தையும் அதன் வழியை மறிக்கக்கூடாது.

ஜன்னல் திரையையும் பார்த்துவிடுங்கள். இழுத்து ஏற்றும் மறைப்புகளின் தொங்கும் கயிறு, அதன் அருகில் உட்கார்ந்து விளையாடும் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. அத்தகைய மறைப்பு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கயிறில்லாத ஒன்றை மாட்டுங்கள். தரை வரை தொங்கும் துணித்திரையைத் திண்ணையின் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வெட்டித் தைத்துக்கொள்வது போதும்.

சுவரும் தரையும்

ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு உப்புப் பூத்திருந்தாலோ, வண்ணம் கொப்பளித்திருந்தாலோ, மழைநீர் ஜன்னல் ஓரம் வழியாக உள்ளே இறங்குகிறது என்று பொருள். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சாரல் அடிக்கும் திசையில் உள்ள அறைகளில் இது சாதாரணம். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே திண்ணை வேலையைத் தொடங்குங்கள். ஈரச் சுவரை மரப்பெட்டியால் மூடினால் பூஞ்சை பிடிக்கும், கறையான் வரும், இரண்டும் மாதக்கணக்கில் கண்ணில் படாமலேயே வளரும்.

திண்ணை வரப்போகும் இடத்தில் மின்சார பிளக் இருந்தால் அதைப் பெட்டிக்குள் மறைக்காதீர்கள். மின்பணியாளரைக் கொண்டு வேறிடத்துக்கு மாற்றுங்கள். அருகில் சுவிட்ச் பெட்டியோ பிளக்கோ இருந்தால் அதற்கு நேர் மேலும் நேர் கீழும் மின்கம்பிக்குழாய் சுவருக்குள் ஓடுவது வழக்கம். அந்தக் கோட்டில் துளையிடக்கூடாது.

அடுத்துத் தரையின் ஓரமாகச் சுவரில் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் ஓடு. இது பெரும்பாலும் 100 மி.மீ. உயரத்தில், சுவரைவிட 10 முதல் 20 மி.மீ. வரை துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் இதை அளக்காமல் விட்டுவிட்டுப் பெட்டி சுவரோடு சேராமல் நிற்பதைக் கடைசியில்தான் கவனிப்பார்கள். ஸ்கர்ட்டிங்கை உடைக்க வேண்டியதில்லை. அது துருத்தியிருக்கும் அளவுக்கு ஒரு பட்டையைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் வைத்தால் போதும். அந்த இடைவெளியில் காற்று நடமாடுவது சுவருக்கும் நல்லது. இந்தக் கட்டுரையில் ஸ்கர்ட்டிங் 12 மி.மீ. துருத்தியிருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன்.

மூடியா, இழுப்பறையா?

திண்ணைக்கு அடியில் பொருள் வைக்கப் பலரும் முதலில் நினைப்பது மேலே தூக்கித் திறக்கும் மூடி. செய்வதற்கு அதுதான் எளிது. ஆனால் ஏழெட்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் அறையில் மூடி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழந்தை பெட்டிக்குள் குனிந்து ஒரு பொம்மையைத் தேடும்போது கனமான பலகை மூடி தலையிலோ கழுத்திலோ விழலாம். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே படுத்து மூடிக்கொள்ளலாம். அதோடு, உட்கார்ந்திருப்பவர் எழுந்து மெத்தையை எடுத்தால்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும் என்பதால், நாளடைவில் அந்தப் பெட்டி யாரும் திறக்காத கிடங்காகிவிடும்.

இடம் மிகக் குறுகலாக இருப்பதால் மூடிதான் வேண்டும் என்றால், அமெரிக்காவின் பொம்மைப் பாதுகாப்புத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்963 சொல்வதைப் பின்பற்றலாம். மூடியை எந்த உயரத்தில் கையை விட்டாலும், முழுவதும் மூடுவதற்கு முந்தைய கடைசி 50 மி.மீ. தவிர, அது தானாக 12 மி.மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்த நிலையிலும் அடைபடாத காற்றுத் துளைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்கிறது அது. சாதாரணக் கீலால் இது நடக்காது. எந்தக் கோணத்திலும் மூடியைத் தாங்கி நிறுத்தும் தாங்கிகளை, மூடியின் எடையைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். கட்டிலுக்குப் போடும் ஹைட்ராலிக் பம்ப் மெத்தையோடு கூடிய பெரிய பலகையின் எடைக்கானது. சிறிய மூடியில் அதைப் போட்டால் மூடி விசையோடு மேலே எழும்பும், இறக்குவதற்கும் குழந்தையால் முடியாது. கொக்கியோ பூட்டோ எந்த நிலையிலும் வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது முன்பக்கம் திறக்கும் அமைப்பு. இடப்பக்கம் பொம்மைகளுக்கு ஓர் அகலமான இழுப்பறை. வலப்பக்கம் புத்தகங்களுக்கும் கூடைகளுக்கும் கதவில்லாத இரண்டு திறந்த அறைகள். குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கப் பழக வேண்டுமானால், பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திறந்த அறைகள் அதற்குத்தான்.

உயரமும் ஆழமும்

திண்ணையின் உயரம் மெத்தை இல்லாமல் 380 மி.மீ., மெத்தையோடு 430 மி.மீ. இருக்கட்டும். உட்காரும்போது மெத்தை சற்று அமுங்குவதால் பெரியவர்களுக்கு இது நாற்காலி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கதை சொல்ல அருகில் உட்காரும் தாத்தா பாட்டிக்கும் சிரமமில்லை. ஆறு வயதுக் குழந்தையின் கால் தரையில் படாது. ஆனால் அந்தக் குழந்தை காலை மடக்கி உட்காரும் பழக்கத்தில்தான் இருக்கும், சில ஆண்டுகளில் கால் எட்டியும்விடும். குழந்தையின் இன்றைய உயரத்துக்கு மட்டும் செய்தால் திண்ணை விரைவில் பயனற்றுப் போகும். ஆழம் 465 மி.மீ.; முதுகைப் பக்கச் சுவரில் சாய்த்துக் கால் நீட்டிப் படிக்க இது போதும்.

1,500 மி.மீ. நீளத்தை ஒரே பெட்டியாகச் செய்யாமல், 750 மி.மீ. அகலமுள்ள இரண்டு பெட்டிகளாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோர்க்கிறோம். சிறிய பெட்டியை நேராகக் கோர்ப்பது எளிது, தனி ஆளாகவே தூக்கலாம், வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போது பிரித்து எடுத்துச் செல்லவும் முடியும். அவர்கள் சுவரில் துளையிடும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். தண்ணீர் பட வாய்ப்புள்ள ஜன்னல் ஓரம் என்பதால், ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் சிறந்தது. சாரல் வராத அறை என்றால் ஐ.எஸ். 303இன் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகை போதும். அதே ஐ.எஸ். 303இல் எம்.ஆர். என்று ஒரு மலிவு வகையும் உண்டு. அது ஈரப்பதத்தை ஓரளவுதான் தாங்கும் என்பதால் இங்கே வேண்டாம். பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப். பலகையும் நீர் பட்டால் ஊதிவிடும். குதிக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றில் போட்ட திருகும் தளரும். குழந்தை இரவு முழுவதும் உறங்கும் அறை என்பதால், பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு குறைவாக உள்ள ஈ1 அல்லது ஈ0 வகையா என்று கடையில் கேட்டு, பலகையிலோ விவர அட்டையிலோ பார்த்து வாங்குங்கள்.

கீழே சொல்லும் 18 மி.மீ. துண்டுகள் எல்லாமே 8 அடிக்கு 4 அடி, அதாவது 2,440 × 1,220 மி.மீ. பலகை ஒன்றிலேயே அடங்கிவிடும். அதோடு பின்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட்டும், இழுப்பறைக்கு 12 மி.மீ., 9 மி.மீ. பிளைவுட்டும் சிறிய துண்டுகளாக வேண்டும். அடிப்பீடத்துக்கு மட்டும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த 18 மி.மீ. டபிள்யூ.பி.சி. பலகை வாங்குங்கள். நாம் தரையை ஈரத் துணியால் அன்றாடம் துடைப்பவர்கள். தரையைத் தொட்டு நிற்கும் பிளைவுட்டின் ஓரம் எவ்வளவு உயர்ந்த வகையாக இருந்தாலும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டபிள்யூ.பி.சி. தண்ணீரையும் குடிக்காது, கறையானுக்கும் இரையாகாது.

அறுக்க வேண்டிய துண்டுகள்

பல பிளைவுட் கடைகளிலும் அருகிலுள்ள மரப்பட்டறைகளிலும் அளவைக் கொடுத்தால் இயந்திரத்தில் அறுத்துத் தருவார்கள். புதியவர்கள் அதற்கான கூலியைக் கொடுத்துவிடுவதே நல்லது. துண்டுகள் நேராக இருந்தால் மீதி வேலை பாதியாகிவிடும். அளவுகளை அங்குலத்தில் சொல்லாமல் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள்.

18 மி.மீ. பிளைவுட்டில்:
- மேல்பலகை 1,500 × 465, ஒன்று
- பெட்டிகளின் பக்கப் பலகை 424 × 287, நான்கு
- பெட்டிகளின் அடிப்பலகை 714 × 424, இரண்டு
- குறுக்குப் பட்டை 714 × 80, ஆறு
- திறந்த அறைகளுக்கு நடுவே நிற்கும் தடுப்பு 406 × 251, ஒன்று
- இழுப்பறையின் முகப்பு 746 × 285, ஒன்று

6 மி.மீ. பிளைவுட்டில் பின்பலகை 750 × 287, இரண்டு. டபிள்யூ.பி.சி. பலகையில் 75 மி.மீ. அகலப் பட்டைகளாக 1,440 மி.மீ. நீளத்தில் இரண்டு, 314 மி.மீ. நீளத்தில் நான்கு. இழுப்பறையின் உள்பெட்டிக்கான துண்டுகளை இப்போது அறுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

துண்டுகள் வந்தவுடன் ஒவ்வொன்றிலும் அதன் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். வெட்டு ஓரங்கள் எல்லாவற்றிலும் கறையான் தடுப்பு மருந்தைத் தூரிகையால் தடவி, கையுறை அணிந்து, குழந்தை இல்லாத இடத்தில் காயவிடுங்கள்.

பெட்டிகளைக் கோர்த்தல்

டிரில் மெஷின், 3 மி.மீ. துளை பிட், திருகுத் தலை உள்ளடங்கக் குழியிடும் பிட், மூலைமட்டம், ரசமட்டம், இரண்டு கிளாம்ப், மரப்பசை, 40 மி.மீ. திருகுகள். இவை போதும்.

இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவில் அடிப்பலகையை வையுங்கள். பக்கப் பலகையின் கீழ் ஓரமும் அடிப்பலகையின் கீழ்ப்பரப்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். சேரும் இடத்தில் பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, முதலில் 3 மி.மீ. துளையிட்டு, பிறகு பக்கத்துக்கு மூன்று திருகுகளைப் போடுங்கள். துளையிடாமல் திருகை நேரடியாக ஏற்றினால் பிளைவுட்டின் ஓரம் அடுக்கடுக்காகப் பிளந்துவிடும்.

குறுக்குப் பட்டைகள் பெட்டிக்கு மூன்று. முன்பக்கத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றும் படுக்கைவாக்கில், மேல் ஓரத்தோடு சமமாக வர வேண்டும். மேல்பலகை இவற்றின் மேல்தான் உட்காரும், முன் ஓரத்தில் இரண்டு பலகைகளின் கனம் சேர்வதால் குழந்தைகள் குதித்தாலும் அது வளையாது. பின்பக்கப் பட்டையை மட்டும் நிற்கவைத்துப் பொருத்துங்கள். சுவரோடு பெட்டியைப் பிணைக்கப்போகும் திருகுகள் இதன் வழியாகத்தான் போகும். வலப்பக்கப் பெட்டியில் நடுத் தடுப்பைச் செருகி, அடிப்பலகைக்குக் கீழிருந்தும் குறுக்குப் பட்டைகளுக்கு மேலிருந்தும் திருகுங்கள். இதனால் 348 மி.மீ. அகலத்தில் இரண்டு திறந்த அறைகள் கிடைக்கும்.

பின்பலகையை அடிக்கும் முன் பெட்டியின் பின்முகத்தில் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருந்தால் பெட்டி கோணலில்லாமல் நிற்கிறது. வேறுபட்டால், நீளமான குறுக்களவு உள்ள மூலைகளைக் கிளாம்பால் மெல்ல அழுத்திச் சரிசெய்து, அந்த நிலையிலேயே 6 மி.மீ. பின்பலகையைப் பசையும் சிறு ஆணியும் கொண்டு பதித்துவிடுங்கள். பின்பலகை பெட்டியைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்தும் எலும்பு. அதைப் போட்ட பிறகு கோணலைச் சரிசெய்ய முடியாது. கோணலான பெட்டியில் இழுப்பறையும் ஓடாது.

பீடமும் சுவரும்

டபிள்யூ.பி.சி. பட்டைகளை 1,440 × 350 மி.மீ. சட்டமாகக் கோர்த்து, உள்மூலைகளில் துருப்பிடிக்காத எல் வடிவத் தகடுகளைத் திருகுங்கள். இதன் உயரம் 75 மி.மீ. முன்பக்கம் பெட்டியைவிட 60 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும்படி வையுங்கள். அருகில் நின்று வேலை செய்யும்போது கால்விரல் நுழைய அந்த இடம் வேண்டும்.

சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை ஓடுகள் சமமாக இருப்பது அரிது. தாழ்ந்த இடங்களில் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளைச் செருகி மட்டமாக்குங்கள். இப்போது இரண்டு பெட்டிகளையும் சட்டத்தின் மேல் ஏற்றி, முன்முகம் ஒரே கோட்டில் இருக்கும்படி கிளாம்ப் போட்டு, நடுவில் சேரும் இரண்டு பக்கப் பலகைகளையும் 30 மி.மீ. திருகுகளால் இணையுங்கள். இரண்டும் சேர்ந்து 36 மி.மீ. கனம் என்பதால் திருகின் கூர் மறுபக்கம் வெளிவராது. அடிப்பலகை வழியாகச் சட்டத்திலும் திருகுங்கள்.

அடுத்தது சுவரில் பிணைப்பது. இதைத் தவிர்க்கவே கூடாது. இழுப்பறையை முழுவதும் இழுத்து அதன் மேல் குழந்தை ஏறினால், பிணைக்காத பெட்டி முன்னால் கவிழக்கூடும். பின்பக்கக் குறுக்குப் பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் 12 மி.மீ. பட்டையை வைத்து, பெட்டிக்கு இரண்டு இடங்களில் சுவரில் 8 மி.மீ. துளையிட்டு ராவல்பிளக் (திருகைச் சுவரில் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் உறை) செருகி, குறைந்தது 80 மி.மீ. நீளத் திருகால் இறுக்குங்கள். இந்தத் திருகு குறுக்குப் பட்டை, பின்பலகை, இடைப்பட்டை ஆகிய மூன்றையும் கடந்து, 36 மி.மீ. தாண்டிய பிறகே சுவரைத் தொடுகிறது என்பதால்தான் இவ்வளவு நீளம். செங்கல் சுவருக்கு இது போதும். முழுக் கான்கிரீட் சுவராக இருந்தால் சுத்தியல் அசைவுள்ள டிரில் மெஷின் வேண்டும். இலகு எடை ஏ.ஏ.சி. கற்களால் கட்டிய சுவரில் சாதாரண ராவல்பிளக் பிடிக்காது. அதற்கென்று உள்ள நீளமான நைலான் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

இழுப்பறை

இப்போது இழுப்பறையின் திறப்பை அளந்து பாருங்கள். கணக்குப்படி அகலம் 714 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் பலகையின் உண்மையான கனம் 17.5 மி.மீ. ஆக இருக்கலாம், உள்ளே மைக்கா ஒட்டியிருந்தால் திறப்பு குறைந்திருக்கலாம். அதனால்தான் இழுப்பறைத் துண்டுகளை இவ்வளவு நேரம் அறுக்காமல் வைத்திருந்தோம். இழுப்பறை ஓடும் உலோகத் தடமான டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ. வேண்டும், எனவே அளந்த திறப்பிலிருந்து 26 மி.மீ. கழித்தால் இழுப்பறையின் வெளியகலம் கிடைக்கும். 714 இருந்தால் 688. ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தால் சேனலுக்குப் பின்னால் அட்டை வைத்துச் சரிசெய்யலாம், கூடிவிட்டால் இழுப்பறை உள்ளேயே போகாது.

12 மி.மீ. பிளைவுட்டில் பக்கங்கள் 400 × 190 இரண்டும், முன் பின் துண்டுகள் 664 × 190 இரண்டும் அறுத்து, பசையும் திருகும் போட்டுச் சட்டமாக்குங்கள். அடியில் 688 × 400 அளவுள்ள 9 மி.மீ. பிளைவுட்டைத் திருகுங்கள். பொம்மைகளின் எடையை மட்டும் அல்ல, உள்ளே ஏறி உட்காரும் குழந்தையின் எடையையும் அது தாங்க வேண்டியிருக்கும் என்பதால் இங்கே 6 மி.மீ. பலகை வேண்டாம். 400 மி.மீ. நீளச் சேனல்களை இருபக்கமும் ஒரே உயரத்தில் பொருத்துங்கள். மெதுவாக மூடிக்கொள்ளும் வகை சேனல் கொஞ்சம் விலை கூடுதல். விரல் நசுங்காமல் இருக்க அந்தச் செலவைச் செய்யலாம்.

முகப்புப் பலகைக்குக் கைப்பிடி வேண்டாம். குழந்தைகளின் முழங்காலும் நெற்றியும் இருக்கும் உயரத்தில் துருத்தும் எதுவும் காயம் செய்யும். அதற்குப் பதில் முகப்பின் மேல் ஓரத்தின் நடுவில் 100 மி.மீ. அகலமும் 40 மி.மீ. ஆழமும் உள்ள பிறைவடிவ வெட்டு ஒன்று வெட்டி, ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். இழுப்பறைப் பெட்டி தாழ்வாக இருப்பதால் அந்த வெட்டில் விரல்கள் தாராளமாக நுழையும். முகப்பை இருபுறமும் 2 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி, உள்ளேயிருந்து 25 மி.மீ. திருகுகளால் பொருத்துங்கள்.

மேல்பலகையும் பூச்சும்

மேல்பலகையின் முன்மூலைகள் இரண்டையும் ஒரு டப்பா மூடியை வைத்து வளைவாகக் குறித்து அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து உருட்டுங்கள். ஓடி வந்து தடுக்கி விழும் குழந்தையின் முகத்தில் கூர்மையான மூலை குத்தலாம். உப்புத்தாளை 120, 180, 240 என்ற வரிசையில் மாற்றி, உள்ளங்கையைத் தடவினால் எங்கும் சிலாம்பு குத்தாத வரை தேய்க்க வேண்டும்.

உட்காரும் பரப்பில் 1 மி.மீ. மைக்கா ஒட்டுவது துடைக்க எளிது. முன் ஓரத்தில் மைக்காவை வெட்டி ஒட்டாமல், உருண்ட முனையுள்ள தேக்குப் பீடிங் (மெல்லிய ஓரச்சட்டம்) அடித்தால் ஓரம் பெயராது, கையையும் கிழிக்காது. மற்ற பரப்புகளுக்கு நீரில் கரையும் வகை வண்ணமோ பாலிஷோ போதும், நெடி குறைவு. எந்தப் பூச்சாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்து நெடி முழுவதும் போகும் வரை குழந்தையை வேறு அறையில் உறங்கவையுங்கள்.

மேல்பலகையைப் பெட்டிகளின் மேல் வைத்துப் பின் ஓரத்தில் சுவரிலிருந்து 2 மி.மீ. விட்டுவிடுங்கள். பெட்டிக்குப் பின்னால் 10 மி.மீ. நீட்டி நிற்கும் பலகை, பென்சிலும் காசும் சுவரோரம் விழாமல் தடுக்கும். முன்பக்கம் இழுப்பறை முகப்பைத் தாண்டி 7 மி.மீ. நீளும். குறுக்குப் பட்டைகள் வழியாகக் கீழிருந்து மேல்நோக்கி 30 மி.மீ. திருகுகளைப் போடுங்கள். பசை வேண்டாம், என்றாவது கழற்ற வேண்டியிருக்கும்.

மெத்தை

50 மி.மீ. கனத்தில் 40 டென்சிட்டி ஃபோம் வாங்கினால் எளிதில் அமுங்கிப் போகாது. எனக்கு இலவம்பஞ்சுதான் பிடித்தம். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சு பல ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். வெயில் அடிக்கும் ஜன்னலோரத்தில் ஃபோமைப்போல் சூடேறாது. ஆனால் அது நாளடைவில் கட்டிதட்டும் என்பதால், அவ்வப்போது வெயிலில் போட்டு உதறி எடுக்க வேண்டும். நீளமான ஒரே மெத்தையாக இல்லாமல் இரண்டு துண்டுகளாகத் தைத்தால் அந்த வேலை சுலபம். உறை, ஜிப் வைத்த தடித்த பருத்தித் துணியாக இருக்கட்டும். பவானி ஜமக்காளத் துணி இதற்கு நன்றாக உழைக்கும், அதன் பட்டை வண்ணங்கள் குழந்தையின் அறைக்கும் பொருந்தும். துவைப்பதற்காக உறைகளை இரண்டு ஜோடியாகத் தைத்துவையுங்கள். மெத்தைக்கு அடியில் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு அவசியம். மைக்கா மேல் நழுவும் மெத்தையில் நிற்கும் குழந்தை ஜன்னல் பக்கமாகவே சாயும்.

எல்லாம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் திண்ணையின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்து எழுந்து, பலகை எங்காவது கிறீச்சிடுகிறதா என்று பார்க்க வேண்டும். இழுப்பறையை முழுவதும் இழுத்து, முன் ஓரத்தில் கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். சுவர்த் திருகு அசைந்தால் அதைக் கழற்றி, பெரிய பிளக் போட்டு மறுபடி இறுக்குங்கள். கனமான புத்தகங்களைத் திறந்த அறைகளிலும், இலேசான துணிப் பொம்மைகளை இழுப்பறையிலும் வையுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கும் முன் இழுப்பறையைச் சேனலிலிருந்து கழற்றி, உள்ளே கை விளக்கைப் பிடித்துப் பின்பலகையில் கறையானின் மண்கோடு ஏறியிருக்கிறதா, ஈரக்கறை தெரிகிறதா என்று பாருங்கள். அப்போதே எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, ஜன்னல் கம்பிகள் சட்டத்தில் ஆடாமல் நிற்கின்றனவா என்பதையும் கையால் பிடித்து அசைத்துப் பார்த்துவிடுங்கள்.